பெரியம்மாவும் ஹாலோவீனும்

அக்டோபர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் எங்கள் தமிழ்ச் சபையின் வாட்ஸ்அப் குழு சூடாகிவிடும். "ஹாலோவீன் சாத்தானின் பிறந்தநாள்" என்று யாராவது ஒரு வீடியோவைப் போடுவார்கள். கீழே நாலைந்து கைகூப்பும் படங்கள் வரும். "பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போவதில் என்ன பாவம் பிரதர்?" என்று ஒருவர் கேட்பார். அப்புறம் வசனங்கள் பறக்கும். நவம்பர் முதல் தேதி ஆனதும் எல்லாம் அடங்கி, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் எந்தச் சனிக்கிழமை என்கிற பேச்சு தொடங்கிவிடும்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில். எங்கள் பிள்ளைகள் ஹாலோவீனுக்கு வேஷம் போட்டுத் தெருவில் போகிறார்கள். நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுப் பெண். கணவர் சென்னைக் கத்தோலிக்கர். இருவருக்குமே இதில் மனச்சாட்சி உறுத்தல் இல்லை. ஆனால் போகலாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களும் சரி, கூடாது என்பவர்கள் சொல்லும் காரணங்களும் சரி, பெரும்பாலும் என்னைத் தொடுவதில்லை. இந்த விஷயத்தில் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தவர் என் பெரியம்மா ஒருவர்தான்.

ஊரில் இருப்பவர்களுக்காக, அன்றைக்கு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 31ஆம் தேதி இருட்டத் தொடங்கியதும் பிள்ளைகள் வேஷத்தோடு வீடு வீடாகப் போவார்கள். வாசல் விளக்கு எரிகிற வீட்டில் கதவைத் தட்டலாம். அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது எழுதாத சட்டம். "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று கத்தினால் பையில் ஒரு சின்ன சாக்லேட்டோ சிப்ஸ் பாக்கெட்டோ விழும். கனடாக் குளிருக்கு ஸ்பைடர்மேன் உடையை இரண்டு அளவு பெரிதாக வாங்க வேண்டும், உள்ளே ஸ்வெட்டர் போடுவதற்கு. இல்லையென்றால் ஸ்பைடர்மேன் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டுதான் ஊரைக் காப்பாற்ற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கொட்டி அண்ணன் தங்கைக்குள் பண்டமாற்று நடக்கும். சில வீடுகளின் வாசலில் நீலப்பச்சைப் பூசணி இருக்கும். கடலை போன்றவை ஒவ்வாத பிள்ளைகளுக்கு இங்கே தின்பண்டம் அல்லாத வேறு பொருள் உண்டு என்று அதற்கு அர்த்தம்.

இதில் சாத்தான் எங்கே வருகிறான்? வாட்ஸ்அப் வீடியோவின் பதில் இது: அயர்லாந்து, பிரிட்டன் பக்கத்துப் பழைய கெல்ட் மக்கள் சாம்ஹைன் என்ற சாவுத் தெய்வத்துக்கு நரபலி கொடுத்த இரவு அது, சபை பிறகு அதற்குக் கிறிஸ்தவப் பெயின்ட் அடித்தது. கேட்கத் திகிலாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு சாவுத் தெய்வமே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் தவறாக எழுதியதை அடுத்தடுத்து வந்தவர்கள் நகல் எடுத்ததால் வந்த வினை அது. சௌன் என்று ஐரிஷ்காரர்கள் உச்சரிக்கும் அந்தச் சொல் ஒரு பருவத்தின் பெயர். கோடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நேரம். அன்று மறு உலகத்தின் கதவு திறக்கும் என்ற கதைகள் இடைக்கால ஐரிஷ் நூல்களில் இருக்கின்றன. அவற்றை எழுதிவைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள்.

சபையின் பக்கத்துக் கதை வேறு. ஹாலோவீன் என்பது சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்தைய மாலை. 609ஆம் ஆண்டு வாக்கில் ரோமாபுரியின் பாந்தியன் கோயில் மாதாவுக்கும் இரத்தசாட்சிகளுக்கும் என்று பிரதிஷ்டை செய்யப்பட்டது மே 13ஆம் தேதியில். சகல பரிசுத்தவான்களின் திருநாளை நவம்பர் 1க்கு ஐரோப்பாவில் பரவலாக்கியது 9ஆம் நூற்றாண்டில், 835 வாக்கில், போப் நான்காம் கிரகோரி காலத்துப் பிராங்கியப் பேரரசு. அயர்லாந்துச் சபையோ இதே திருநாளை அதற்கு முன் ஏப்ரல் 20இல் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஐரிஷ் பண்டிகையை அமுக்கத்தான் தேதியை மாற்றினார்கள் என்றால், அயர்லாந்தில் அல்லவா முதலில் மாற்றியிருக்க வேண்டும்? நவம்பர் 2ஐ மரித்த விசுவாசிகள் எல்லாருக்குமான நாளாகத் தன் மடங்களில் நிறுத்தியவர் பிரான்சின் க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, 1000ஆம் ஆண்டையொட்டி. அதற்கப்புறம் இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் அந்த நாட்களில் வீடு வீடாகப் போய்ப் பாடி, சின்ன கேக்குகளை வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் மரித்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் வந்தது. சீர்திருத்தச் சபைகள் மரித்தோருக்கான ஜெபத்தை நிறுத்தின. கேக் கேட்பது மட்டும் நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் கப்பலேறியபோது வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அமெரிக்காவில் பூசணி கிடைத்தது. "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்ற கூச்சல் அச்சில் வரத் தொடங்கியது இன்னும் பிந்தி, 1910களிலும் 1920களிலும் வந்த கனடாப் பத்திரிகைகளில்.

ஆகவே ஹாலோவீன் கிறிஸ்தவப் பண்டிகைதான், பயப்படாமல் போகலாம் என்று இங்கே சிலர் முடிவு கட்டுவார்கள். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. மூலம் அசுத்தம், ஆகவே கூடாது என்பதும், மூலம் சுத்தம், ஆகவே கூடும் என்பதும் ஒரே வாதத்தின் இரண்டு முனைகள். மூலத்தைத் தோண்டிக்கொண்டே போனால் நம் கழுத்தில் இருக்கும் தாலி என்ன ஆகும்? சிலுவையும் புறாவும் பொறித்துக் கட்டிக்கொள்கிறோமே, அதன் மூலம் எருசலேமா? நகையே வேண்டாம் என்று தாலியையும் விட்டுவிட்ட பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பல உண்டு. மூல வாதம் பேசும் உரிமை அவர்களுக்குத்தான் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான ஆங்கிலேயக் கிறிஸ்தவர்களும் அப்படி நேர்மையானவர்கள்தான். வேதத்தில் இல்லாத நாள் என்று சொல்லி, கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659இல் சட்டமே போட்டார்கள். 1681 வரை அது அமலில் இருந்தது. ஹாலோவீன் வீடியோவை அனுப்பும் பிரதர் டிசம்பர் பிறந்ததும் வீட்டு முகப்பில் நட்சத்திரம் தொங்கவிடுகிறார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கும் உண்மையில் மூலம் பிரச்சினை இல்லை என்றுதான் சொல்கிறேன்.

பெரியம்மா ஓர் இலையுதிர்காலத்தில் விசிட்டர் விசாவில் எங்களோடு தங்க வந்தார். அம்மாவின் அக்கா. சி.எஸ்.ஐ.யில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர். செப்டம்பர் முழுக்க மேப்பிள் இலைகளை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு தினமும் நடக்கப் போவார். அக்டோபரில் அந்த நடை சுருங்கியது. எதிர்வீட்டுப் புல்வெளியில் பிளாஸ்டிக் கல்லறைக் கற்கள் முளைத்தன. பக்கத்து வீட்டு மரத்தில் வெள்ளைத் துணியில் ஒரு பேய் தொங்கியது. மூலை வீட்டுத் திண்ணையில் ஓர் எலும்புக்கூடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. "அந்தப் பக்கம் போவேண்டாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு என் மகள் முகம் வெட்டிய பூசணி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசல்படியில் வைத்தாள்.

"ஏட்டி, இத எதுக்கு வாசல்ல வச்சிருக்க? நாம என்ன கண்ணேறுக்கா கட்டிப் போடுதோம்?"

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. வீடு கட்டும்போது முகப்பில் தொங்கும் பூசணி, அதில் முழித்த கண், கோரைப் பல், தொங்கும் நாக்கு. அமாவாசையன்று கடை வாசலில் உடைபடும் பூசணி. முகம் வரைந்த பூசணி என்றால் எங்கள் ஊரில் அது அலங்காரம் இல்லை. அதற்கு வேலை உண்டு. எங்கள் தாத்தா வீடு கட்டியபோது கொத்தனார் திருஷ்டிப் பொம்மை கட்டியதும், ஆச்சி ஏணி வைத்து ஏறி அதை அவிழ்த்து எறிந்ததும் எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. அதே குடும்பத்துப் பெண் கனடாவில் வாசல்படியில் பூசணி முகத்துக்கு உள்ளே விளக்கேற்றி வைத்திருக்கிறாள் என்றால் பெரியம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆச்சியின் அம்மா காலத்தில்தான் எங்கள் குடும்பம் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தது. ஊருக்கு வெளியே சுடலைமாடன் பீடம். உச்சிவேளையில் அந்தப் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது. கோயில் கொடைவிழா நடக்கும் ராத்திரிகளில் வில்லுப்பாட்டுச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். திரித்துவம், பாவமன்னிப்பு எல்லாம் ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பிரசங்கத்தில் வரும்தான். ஆனால் அந்தத் தலைமுறைப் பெண்களிடம் வேதத்துக்கு வந்ததில் என்ன கிடைத்தது என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்லியிருப்பார்கள்: பயம் போச்சு. ராத்திரியில் புளியமரத்தைத் தாண்டும்போது ஆச்சி ஒரு கீர்த்தனையை முணுமுணுப்பார். அந்த நாலு வரிதான் அவருடைய இறையியல்.

பெரியம்மா அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் இன்னொன்றும் சொன்னார். சின்ன வயதில், பேய் பிடித்தது என்று கூட்டிவந்த ஒரு பெண்ணைப் பிரம்பால் அடித்ததையும், அவள் முடியில் ஒரு கொத்தை மரத்தில் வைத்து ஆணி அடித்து அறுத்ததையும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு இருக்கும்? பதினெட்டு, பத்தொம்பது. பேயின்னா எனக்கு அந்த முகந்தாம்மா ஞாபகம் வரும். நீங்க அத வேஷம் போட்டு வெளையாடுதீங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? சௌன் ஒரு பருவத்தின் பெயர், ஐரிஷ் சபை ஏப்ரலில் கொண்டாடியது என்றா?

இடையில் ஒன்று. எங்கள் பகுதியில் ஊழியம் செய்த மிஷனரிகள், கால்டுவெல் உட்பட, இந்த வழிபாடுகளைப் பேய் வழிபாடு என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டார்கள். அந்த மேட்டிமை எனக்குப் பிடிக்காது. இசக்கியம்மன் கதையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நம்பிக் கெட்டுக் கொல்லப்பட்ட பெண்தான் அங்கே தெய்வமாக நிற்கிறாள். அவளை வெறும் அசுத்த ஆவி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. பெரியம்மா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் நாங்கள் இருவரும் ஒன்றில் ஒத்துப்போவோம். எங்கள் ஊரில் பேய் என்பது நிஜமான சாவுகளோடும் நிஜமான அடிகளோடும் ஒட்டியிருக்கிற ஒன்று.

இங்கே அப்படி இல்லை. இங்கே சாவே கண்ணில் படுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு முதியவர் இறந்தபோது அது எங்களுக்குத் தெரிந்ததே, வீட்டின் முன் விற்பனைப் பலகை நட்ட பிறகுதான். உடலை நடுவீட்டில் கிடத்துவதும், தெருவே வந்து பார்ப்பதும், பிள்ளைகள் கால்களுக்கிடையே நுழைந்து எட்டிப் பார்ப்பதும் இங்கே கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஃபியூனரல் ஹோம், அங்கிருந்து கல்லறை. அப்படிப்பட்ட ஊரில் வருடத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் திண்ணையில் உட்கார வைப்பது, பேய்க்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தெரியவில்லை. மறைத்துவைத்த ஒன்றைச் சிரிப்பாகவாவது வெளியே எடுத்துப் பார்ப்பதாகத்தான் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பேய் ஒரு துணி. பெரியம்மாவுக்கு அது ஒரு முகம். தெருவும் ஒன்றுதான், பொம்மையும் ஒன்றுதான்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை இந்த இடத்தில்தான் நான் புதிதாக வாசித்தேன். கொரிந்துவில் கடையில் விற்கும் கறியில் கோயிலில் படைத்ததும் கலந்திருக்கும். விசுவாசி அதை வாங்கிச் சாப்பிடலாமா? விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே சாப்பிடலாம் என்றுதான் பவுல் தொடங்குகிறார். ஆனால் "இந்த அறிவு எல்லாரிடத்திலும் இல்லை" என்று உடனே ஒரு முட்டுக்கட்டை போடுகிறார். யாரிடத்தில் இல்லை? நேற்று வரை அந்தக் கோயிலில் நின்றவர்களிடத்தில். அவர்களுக்கு அந்தக் கறி வெறும் கறி அல்ல. அப்புறம் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. ஆனால் பக்கத்தில் ஒருவன் "இது படைத்தது" என்று சொன்னால் சாப்பிடாதே, உன் மனச்சாட்சிக்காக அல்ல, அவனுடைய மனச்சாட்சிக்காக. ஒரே கறி. தட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்து மட்டும் பவுல் பதில் சொல்லவில்லை, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பார்க்கிறார்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தீபாவளிக்கும் சரஸ்வதி பூஜைக்கும் பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வரும்போது "படைச்சதா?" என்கிற கேள்வி எந்தக் கிறிஸ்தவ வீட்டில் எழாமல் இருந்தது? எங்கள் அம்மா பள்ளி ஆசிரியை. பக்கத்து வீட்டு அக்கா அதிரசமும் முறுக்கும் கொண்டுவரும்போதே, "படைக்கதுக்கு முன்னாலயே ஒங்களுக்கு எடுத்து வச்சிட்டேன் டீச்சரம்மா" என்று சொல்லிவிடுவார். அம்மா கேட்டதே இல்லை. அந்த அக்கா கொரிந்தியர் வாசித்தவரும் இல்லை. பக்கத்து வீட்டாருக்கு எது இடறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பக்கத்திலும் இல்லாத ஒன்று அது.

அந்த வருடம் என்ன செய்தோம்? பூசணியை வாசலிலிருந்து எடுத்துப் பின்பக்கத் தோட்டத்தில் வைத்தோம். மகள் அழுதாள். பிள்ளைகளைத் தெருவுக்குக் கூட்டிப்போவதை நிறுத்தவில்லை. வாசல் விளக்கைப் போடவேண்டாம் என்று பெரியம்மா கேட்டார், சரி என்றேன். அதில் சிக்கல் வந்தது மகனிடமிருந்து. "எல்லா வீட்லயும் நாம வாங்குவோம், நம்ம வீட்ல குடுக்க மாட்டோமா?" நியாயமான கேள்வி. கடைசியில் என் கணவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தும் பாதையின் முனையில், தெருவோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார், மடியில் சிப்ஸ் பெட்டியோடு. குளிரில் இரண்டு மணி நேரம். பெரியம்மா மாடியில் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவருடைய தீர்ப்பு: "வாசலுக்கு வெளிய நீங்க என்னமும் செய்யுங்க." அவர் மனம் மாறவில்லை, நாங்களும் மாறவில்லை. அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த வருடங்களில் விளக்கு எரிகிறது, பூசணியும் வாசலில் இருக்கிறது.

ஆனால் எங்களுக்கும் கோடுகள் உண்டு. கழுத்து அறுந்த முகமூடி, ரத்தம் ஒழுகும் கோடாரி வேண்டாம். பேய் என்பதால் அல்ல, வதையை வேடிக்கையாக்குகிறது என்பதால். மனநோயாளி வேஷம், தலைப்பாகை கட்டிய "இந்தியன்" வேஷம் எல்லாம் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் பேய் முகமூடியைவிட மோசமாக நினைக்கிறேன். ஊயிஜா பலகை கூடவே கூடாது. 1891இல் காப்புரிமை வாங்கி விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டுவரும் அட்டைப் பலகை அது. எழுத்துகள்மேல் நகரும் ஒரு சின்னச் சுட்டியில் விரல் வைத்து ஆவியிடம் கேள்வி கேட்பது. அட்டைக்குச் சக்தி இருக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் மரித்தவர்களிடம் குறிகேட்காதே என்று உபாகமம் சொல்வதற்கு விளையாட்டு விதிவிலக்கு இல்லை. துக்கத்தில் இருக்கும் ஒரு பிள்ளை கையில் அது கிடைத்தால் விளையாட்டாகவும் இருக்காது. எலும்புக்கூடு வேஷம் போடலாமா என்று மகன் கேட்டபோது சம்மதித்தேன். உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் எசேக்கியேல் 37ஐ ஞாயிறு பள்ளியில் நடித்தவன், எலும்புகள் எழுந்து நிற்பது அவனுக்கு நல்ல செய்திதான்.

இங்குள்ள சபைகள் மாற்று ஏற்பாடுகள் நிறையச் செய்கின்றன. "ஹார்வெஸ்ட் பார்ட்டி" என்று பெயர் மாற்றி அதே நாளில் அதே மிட்டாய். "ட்ரங்க் ஆர் ட்ரீட்" என்று சபை வாகன நிறுத்தத்தில் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, பிள்ளைகள் கார் காராகப் போவது. வேதாகமப் பாத்திரங்களாக மட்டும் வர வேண்டும் என்று ஓரிடத்தில் நிபந்தனை போட்டார்கள். தாவீதாக வந்த ஒரு பையன் கோலியாத்தின் தலையை அட்டையில் செய்து, கழுத்தில் சிவப்பு மையோடு, முடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இந்த ஏற்பாடுகளில் பெரிய தப்பில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும்கூட. என் மனக்குறை ஒன்றுதான். வருடத்தில் ஒருநாள் தெருவில் இருப்பவர்கள் தாங்களாகவே நம் கதவைத் தட்ட வருகிறார்கள், அந்த ஒருநாள் பார்த்து நாம் வீட்டைப் பூட்டிவிட்டு நம் ஆட்களோடு போய் நின்றுகொள்கிறோம்.

"நரக வீடு" சமாச்சாரம்தான் எனக்குப் பொறுக்காதது. அமெரிக்காவில் போதகர் ஜெரி ஃபால்வெல்லின் லிஞ்ச்பர்க் வட்டாரம் 1970களின் தொடக்கத்திலேயே பேய்வீடு பாணியில் சுவிசேஷம் சொல்லத் தொடங்கியது. 1990களில் கொலராடோ போதகர் ஒருவர் அதை இன்னும் கடுமையாக்கி, மற்றச் சபைகளும் நடத்துவதற்கு வழிகாட்டித் தொகுப்பாக விற்கவும் செய்தார். அறை அறையாகக் கூட்டிப்போய், தற்கொலை செய்துகொண்டவர், கருக்கலைத்தவர் என்று ஒவ்வொருவரும் நரகத்துக்குப் போவதை நடித்துக்காட்டி, கடைசி அறையில் ஜெபிக்கச் சொல்வார்கள். பயம் போச்சு என்று வேதத்துக்கு வந்த ஆச்சியின் பேத்தி நான். பயமுறுத்தி உள்ளே இழுக்கும் இந்த வேலையைவிடத் திண்ணையில் கால்மேல் கால் போட்ட எலும்புக்கூடு எனக்கு எவ்வளவோ மேல். மிட்டாய்க்குப் பதில் சுவிசேஷத் துண்டுப்பிரதி கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாராளமாகக் கொடுங்கள், கூடவே ஒரு முழு சாக்லேட்டும் கொடுங்கள். வெறும் துண்டுப்பிரதி மட்டும் வாங்கிய பிள்ளை அந்த வீட்டை மறப்பதே இல்லை.

மிட்டாயில் விஷம் என்கிற எச்சரிக்கையும் வருடாவருடம் சுற்றுகிறது. ஜோயல் பெஸ்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் துருவிப் பார்த்தும், முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை செத்தது என்று உறுதியான ஒரு சம்பவமும் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் மிட்டாயில் கலந்த சயனைடால் இறந்தது உண்மை. வைத்தவன் அவனுடைய தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. சபையில் டீக்கனாகவும் (உதவி ஊழியராகவும்) இருந்தவன். நிஜமான ஆபத்து கார்தான். 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறப்பது முன்பின் வாரத்து மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். கறுப்பு அங்கி போட்ட பிள்ளை முதுகில் ஒளிபிரதிபலிக்கும் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். பிசாசைக் கட்டும் ஜெபத்தைவிட அன்றைக்கு அது அவசரம்.

இதையெல்லாம் விட எனக்கு விசித்திரமாக இருப்பது, ஒரு மாதம் முழுக்க 31ஐப் பற்றிச் சண்டை போடும் எங்கள் சபை அடுத்த இரண்டு நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்றால் என் கணவருக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம்தான். காலையிலேயே கல்லறையைக் கழுவி, சாமந்தியும் ரோஜா இதழும் பரப்பி, சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாமியார் மந்திரித்த தண்ணீரோடு வரிசையாக வருவார். வாசலில் பூக்கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவில் நகர முடியாது. பிள்ளைகள் தாத்தா கல்லறைமேல் உட்கார்ந்து பலூன் ஊதுவார்கள். சாவைப் பயமில்லாமல் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எங்களிடம் இப்படி ஒரு நாளே இருக்கிறது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரும் 95 வாதங்களை வெளியிட 1517இல் தேர்ந்த நாள் சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்தைய நாள்தான். சீர்திருத்தத் திருநாள் கொண்டாடும் நம் ஊர் லூத்தரன் சபையாருக்கு அக்டோபர் 31 எப்போதும் அந்த நாள்தான், ஹாலோவீன் அவர்களுக்கு நேற்று வந்தது.

போன வருடம் சபைக் கமிட்டியில் கேட்டுப்பார்த்தேன். நவம்பர் முதல் ஞாயிறு ஆராதனையில், நம் குடும்பங்களில் மரித்தவர்களின் பெயர்களை வாசித்து ஸ்தோத்திரம் சொல்லலாமே, பிள்ளைகளும் வேஷம் கலைத்த கையோடு வந்து கேட்கட்டுமே என்று. "மரித்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்தில் இல்லையே சிஸ்டர்" என்றார் ஒரு மூப்பர். அவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லவில்லை, அவர்களைக் கொடுத்ததற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லத்தான் கேட்கிறேன் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

பெரியம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். கத்தோலிக்கப் பழக்கம் என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒங்க ஆச்சி கல்லறைல போன வாரந்தான் புல்லு புடுங்கிட்டு வந்தேன். இதுக்குமா கமிட்டிட்ட கேக்கணும்?" என்றார். அடுத்த கூட்டம் இன்னும் நடக்கவில்லை.